பிரேக் மாஸ்டரின் இடது கால்

பிரேக் மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அவருடைய லைசென்ஸில் மட்டும் குடியிருந்தது. ஊருக்கு அவர் பிரேக் மாஸ்டர். முப்பத்தெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பயிற்சிப் பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஓர் அறை. சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட படம். மேசைமேல் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு பழைய ஸ்டியரிங். வாசலில் மஞ்சள் பலகை கட்டிய வெள்ளைக் கார். அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக்.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் நாள், நான் சாவியைத் திருகியதுமே "பிரேக்!" என்று கத்தினார்.

"இன்னும் வண்டியே நகரலையே மாஸ்டர்" என்றேன்.

"நகர்ந்தப்புறம் கத்தினா உனக்குக் காது கேட்காது. இப்பவே வாங்கி வச்சுக்கோ" என்றார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு அறுபத்தோராவது வயதில் சிறுநீரகக் கல்லுக்காக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். கல் கடுகளவுதான் இருந்தது. ஆனால் இதயத்திலிருந்து வயிற்றின் வழியாகக் கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய், தொப்புளுக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி நின்றது. வெடித்தால் ஆளை எழுப்ப முடியாது என்றார்கள். நல்லவேளை, வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு தொடைகளின் மடிப்பிலும் சின்னதாகத் துளை போட்டு, கம்பி வலை பின்னிய ஒரு துணிக்குழாயை உள்ளே செலுத்தி, வீங்கிய இடத்துக்குள் விரித்துவிட்டார்கள். இனி ரத்தம் அந்தக் குழாய் வழியாகப் போகும், வீக்கத்தின் சுவரைத் தொடாது. மூன்றாம் நாள் மாஸ்டர் வீட்டில். ஐந்தாம் நாள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, தொலைக்காட்சியில் ஓடிய கார்ப் பந்தயத்தைப் பார்த்து "பிரேக்!" என்று கத்தினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஓர் அட்டையைக் கொடுத்துச் சொல்லியிருந்தார்: "வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஆயுசு முழுக்க."

முதல் வருடம் போனார். நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாம் வருடமும் அதே பதில். வீக்கம் கொஞ்சம் சுருங்கிக்கூட இருந்தது. மூன்றாம் வருடம் ஸ்கேன் நாளன்று நான்கு பேருக்கு லைசென்ஸ் தேர்வு. நான்காம் வருடம் ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்த் திரும்பியது. அதன் பிறகு மகள் கேட்கும்போதெல்லாம், "எரியற பல்பை யாராவது கழற்றிப் பார்ப்பாங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். மகள் வேறு ஊரில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. தொலைபேசியில் எவ்வளவுதான் விசில் ஊத முடியும்?

இந்த நிலையில்தான் கண்ணாடியம்மா வந்து சேர்ந்தார்.

தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார் அவர். வயது அறுபத்திரண்டு. ஊரில் பாதிப் பேரின் கண் பவர் அவருக்கு மனப்பாடம். மூன்று தம்பிகளைப் படிக்க வைத்து, மூவருக்கும் கல்யாணம் செய்து வைத்து, நிமிர்ந்து பார்த்தபோது தன் கல்யாண வயது எப்போதோ தெருவைத் தாண்டிப் போயிருந்தது. அதற்காக அவர் அழுததாக யாருக்கும் தெரியாது. கடைசித் தம்பியும் வெளிநாடு போன மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேரே பயிற்சிப் பள்ளிக்கு வந்து, "எனக்கு எங்கயாவது போகணும். எங்கன்னு தெரியாது. முதல்ல ஓட்டக் கத்துக்கொடுங்க" என்றார்.

மாஸ்டர் கற்றுக்கொடுத்தார். கண்ணாடியம்மா தேர்வில் தோற்றார். முதல் தடவை, பின்னால் வந்த சைக்கிள்காரருக்குக் கைகாட்டி வழிவிட்டதால். இரண்டாம் தடவை, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டிவிட்டதில் வெயிலில் பளபளத்த கண்ணாடியை அது கிறீச் கிறீச்சென்று கடைசிவரை துடைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை பின்னால் எடுக்கும்போது ரப்பர் கூம்பின்மேல் இடித்து, காரைவிட்டு இறங்கிப்போய் அதை நிமிர்த்தி வைத்து, தூசி தட்டிவிட்டு வந்தார். நான்காம் தடவை தேர்வு அதிகாரியின் மூக்குக் கண்ணாடி தப்பான பவர் என்று அவரிடமே சொல்லிவிட்டார். ஐந்தாம் தடவை, மூன்று அசைவில் காரைத் திருப்ப வேண்டிய இடத்தில் பதினோரு அசைவு.

"பதினொண்ணுல திரும்பிடுச்சா இல்லையா?" என்று கேட்டார் கண்ணாடியம்மா.

"திரும்பிடுச்சு மேடம். ஆனா அதிகாரிக்குத் தலை சுத்திடுச்சு."

இதற்கிடையே கண்ணாடியம்மாவும் சும்மா இருக்கவில்லை. மாஸ்டர் எதிரே வரும் வண்டியைப் பார்த்து அரை மைல் முன்னாலேயே கத்துவதைக் கவனித்து, ஒருநாள் கடைக்குக் கூட்டிப்போய் எழுத்துப் பலகையின் முன் உட்கார வைத்தார். "ஒரு லாரி உங்களுக்கு ரெண்டு லாரியாத் தெரியுது மாஸ்டர். கத்தாம என்ன பண்ணுவீங்க?" என்று புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார். மாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுத்துப் பலகை தெளிவாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் நின்றிருந்தவரும் தெளிவாகத் தெரிந்தார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு.

மனைவி இறந்து பன்னிரண்டு வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர், திடீரென்று விசிலடித்துக்கொண்டு சட்டை இஸ்திரி போட ஆரம்பித்தார். வகுப்பு இல்லாத நாளிலும் தெருமுனைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னார். ஒரே வாரத்தில் ஒன்பது தடவை. பிறகு ஒரு நாள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது கேட்டே விட்டார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க. சிக்னல்லதானே நிக்கறோம்."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

விளக்கு பச்சையானது. இன்ஜின் குலுங்கி அணைந்தது. பின்னால் ஆறு வண்டிகள் அலறின. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக மாஸ்டருக்கு எந்தப் பெடலை மிதிப்பது என்றே தெரியவில்லை.

கண்ணாடியம்மா பொறுமையாகச் சாவியைத் திருகினார். "சரி. ஆனா லைசென்ஸ் வாங்கினப்புறம்தான். இல்லன்னா, வாத்தியாரையே வளைச்சுப் போட்டுப் பாஸானாங்கன்னு ஊர் பேசும்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தார்: ரத்தக் கொதிப்பு, கட்டின பல் இரண்டு, குறட்டை, வெங்காயம் நறுக்கும்போது பாடுகிற கெட்ட பழக்கம். வயிற்றுக்குள் இருக்கும் குழாயை மட்டும் சொல்லவில்லை. "பழைய வண்டியை விக்கறவன் இன்ஜினைப் பிரிச்ச கதையைச் சொல்வானா?" என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

பூசணிக்காய் சும்மா இருக்குமா? இரண்டு மாதமாக அவருடைய இடது கால் தகராறு செய்துகொண்டிருந்தது. மாலையில் இருவரும் நடக்கப் போவார்கள். சரியாக இருநூறு அடி வைத்ததும் கெண்டைக்கால் கல்லாக இறுகும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஆனால் மாப்பிள்ளை நொண்டலாமா? வலி வந்ததும் எதிரே இருக்கும் கடையை ரசிப்பதுபோல் நின்றுவிடுவார். அந்த இருநூறாவது அடியில் இருந்தது ஒரு குளியலறை ஓடுகள் விற்கும் கடை. தினமும் அதன் முன்னால் நின்று சுவர் ஓடுகளை உற்றுப் பார்த்தார். மனிதர் கல்யாணத்துக்குக் குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறார் என்று கண்ணாடியம்மா பூரித்துப்போய், "அந்த நீலம் நல்லா இருக்கு" என்று தேர்ந்தெடுத்தும் கொடுத்துவிட்டார்.

ஆறாவது தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. ஒன்பதேகாலுக்குக் கிளம்பினார்கள். கண்ணாடியம்மா ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில். அரிசி ஆலையைத் தாண்டியபோதுதான் அது நடந்தது. முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பாதத்தைப் பனிக்கட்டி வாளியில் இறக்கியதுபோல் ஒரு வலி. மாஸ்டர் பல்லைக் கடித்தார். காலணிக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தார். விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை.

ஒரு சந்திப்பு போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் ஒரு வேன் குறுக்கே வந்தது. கண்ணாடியம்மா தானாகவே பிரேக் போட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், ஒரு சத்தத்தையும் காணோம்? நான் அவ்வளவு நல்லாவா ஓட்டறேன்?"

"மேடம்... ஓரமா நிறுத்துங்க."

"டெஸ்டுக்கு நேரமாகுது."

"என் கால் செத்துப்போச்சு மேடம்."

கண்ணாடியம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரங்கட்டினார். இறங்கி வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, கேட்காமல் கொள்ளாமல் அவருடைய காலணியையும் உறையையும் உருவினார். பாதம் மெழுகுவர்த்தி போல் வெளுத்திருந்தது. மற்றதையும் உருவி, இரண்டு பாதத்திலும் ஒவ்வொரு கையை வைத்தார்.

"இது சூடா இருக்கு. இது ஐஸா இருக்கு. என்கிட்ட என்ன மறைக்கிறீங்க?"

"வயித்துக்குள்ள ஒரு குழாய் வச்சிருக்காங்க."

"எப்போ?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"அதைச் சொல்ல இப்பதான் நேரம் கிடைச்சுதா?" என்றவர், பிறகு சட்டென்று குரலை இறக்கி, "அப்ப அந்த டைல்ஸ்?" என்றார்.

"கால் வலிச்சுது மேடம். அதான் நின்னேன்."

கண்ணாடியம்மா உருவின காலணிகளைப் பின் சீட்டில் போட்டார். கதவைச் சாத்தி, சுற்றி வந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பெரிய ஆஸ்பத்திரி வந்த வழியிலேயே நான்கு மைல் பின்னால்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமே" என்றார் மாஸ்டர் முனகலாக.

"அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"ஐயோ, 'போய்ச் சேர்ந்துடுவேன்'னு சொல்லாதீங்க மேடம்!"

"வலது காலை மடிச்சு சீட் மேல வச்சுக்கோங்க" என்றார் கண்ணாடியம்மா. "நடுவுல உங்க பக்கத்து பிரேக்கைத் தொட்டீங்கன்னா கல்யாணம் ரத்து."

மாஸ்டர் வலது காலை மடக்கி, சம்மணத்தில் பாதி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியம்மா ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை. கார் திரும்பிவிட்டது. மூன்றே அசைவு. அந்த வலியிலும் மாஸ்டர் விரல்விட்டு எண்ணினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் இன்றைக்கும் எழுந்து நின்றுதான் சொல்வார். மணிக்கு இருபது மைலைத் தாண்டாத அம்மாள், நாற்பதில் பறந்தார். ஹார்ன் ஒலிக்க ஒலிக்க, எதிரே வந்தவர்கள் மஞ்சள் பலகையைப் பார்த்ததும் தாங்களாகவே ஒதுங்கினார்கள். கற்றுக்கொள்கிறவர் வேகமாக வந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

"லாரி!" என்றார் மாஸ்டர்.

"தெரியுது. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு."

"பஸ்!"

"அதுவும் தெரியுது. நீங்க காலைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கோங்க."

மாஸ்டருக்குச் சாவு பயம். அதோடு கூடவே, அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஒரு பெருமை. கியர் மாறுவது காதில் விழவே இல்லை. வெண்ணெய் மாதிரி மாற்றுகிறார்! 'நான் கத்துக்கொடுத்தது' என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் இரண்டு இடத்துக்குக் குறுக்காக நின்றது. அதில் ஒன்று தலைமை மருத்துவரின் இடம். காவலாளி ஓடி வந்தார்.

"அம்மா, இங்க நிறுத்தக் கூடாது! இப்படியா நிறுத்துவாங்க?"

"எனக்கு இன்னும் பார்க்கிங் சொல்லிக்கொடுக்கலை. சொல்லிக்கொடுக்கிறவர் காலைக் காப்பாத்திட்டு வந்து கத்துக்கறேன். சக்கர நாற்காலி எங்க?"

காவலாளியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் பாதத்தில் நாடி தேடினார்கள். இல்லை. தொடை மடிப்பில் தேடினார்கள். அங்கும் இல்லை. ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஓர் ஊசி போட்டு, ஸ்கேன் அறைக்குள் தள்ளினார்கள். அரை மணியில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் வந்தார். நரைத்த குட்டை முடி, பச்சை உடுப்பு, காலில் ஓட்டப் பந்தயக் காலணி போட்ட பெண்மணி. கணினித் திரையை மாஸ்டர் பக்கம் திருப்பினார்.

"உள்ள வச்ச குழாய் ஒரு கால்சட்டை மாதிரி. மேல இடுப்பு ஒண்ணு, கீழ கால் ரெண்டு. ஒவ்வொரு காலுக்கும் ஒரு குழாய் போகுது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

"உங்க கால்சட்டை இடுப்பைவிட்டு நழுவிடுச்சு."

மாஸ்டர் தன்னையறியாமல் போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார். கண்ணாடியம்மாவுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மருத்துவர் மேலே சொன்னார். வருடங்கள் போகப் போக, குழாய் பிடித்துக்கொண்டிருந்த மேல் விளிம்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. இறங்கியதில் இடது கால் குழாய் மடங்கி, மெல்ல மெல்லக் குறுகி, இன்று காலையில் ரத்தம் உறைந்து முழுக்க அடைத்துவிட்டது. "இது உங்களுக்குத் தெரிஞ்ச பிரச்சினை. தெரியாதது இன்னொண்ணு. மேல் விளிம்பு விட்டுப்போன இடத்துல ரத்தம் கசிஞ்சு, பழைய வீக்கத்துக்குள்ள போய்க்கிட்டிருக்கு. எலுமிச்சையா இருந்தது இப்ப ஆரஞ்சு ஆயிடுச்சு. அது வெடிச்சிருந்தா, நாம இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டோம். கடைசியா எப்ப ஸ்கேன் எடுத்தீங்க?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேட்கறேன்."

"நாலு வருஷம் ஆச்சு டாக்டர். நல்லாத்தானே இருந்தேன்."

"இந்தக் கசிவு வலிக்காது. அதுக்குத்தான் ஸ்கேன். குழாயோட கம்பெனி, அளவு எல்லாம் எழுதின ஓர் அட்டை கொடுத்திருப்பாங்களே? நீங்க அப்ப போன ஆஸ்பத்திரியில கேட்டு வாங்க நேரமில்ல. எந்த அளவுத் துண்டைப் பொருத்தணும்னு எனக்கு இப்ப தெரியணும்."

"இருக்கு. கார்ல. ரெண்டாவது கண்ணாடிக்குப் பின்னால." பயிற்றுநருக்கென்று மாட்டிய இரண்டாவது கண்ணாடி தடதடவென்று ஆடுகிறது என்று, ஆடாமலிருக்க அட்டையை நாலாக மடித்துச் செருகி வைத்திருந்தார் புண்ணியவான்.

கண்ணாடியம்மா ஓடினார். காருக்குள் போய் அட்டையை இழுத்தார். அது வரவில்லை. நாலு வருட வெயிலில் பிசினாக ஒட்டியிருந்தது. காவலாளி கதவருகே வந்து, "என்னம்மா தேடறீங்க?" என்று முடிப்பதற்குள், கண்ணாடியம்மா கண்ணாடியோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். அறுபத்திரண்டு வயது அம்மாள் கையில் கார்க் கண்ணாடியோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓட, ஒரு நர்ஸ் பின்னாலேயே ஓடினார். மருத்துவரின் மேசைமேல் கண்ணாடியை வைத்து, கைப்பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் அட்டையை ஓரம் ஓரமாகப் பெயர்த்து எடுத்துக்கொடுத்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கைப்பையில் அது இல்லாமல் இருக்குமா?

அட்டையில் எழுத்து மங்கியிருந்தது. ஆனால் எண்கள் படிக்கும்படியாக இருந்தன.

"உங்களுக்கு இவர் என்ன வேணும்?" என்று கேட்டார் மருத்துவர்.

"இப்போதைக்கு மாஸ்டர்" என்றார் கண்ணாடியம்மா.

அந்த நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து போன் போனதும் கிளம்பிய மகள் வந்து சேர்ந்தார். விளையாட்டு மைதானத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. கண்ணாடியம்மாவை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. மேலும் கீழும் பார்த்தார்.

"ஏழு தடவை ஃபெயிலான அம்மா நீங்கதானே?"

"அஞ்சு தடவை. இன்னிக்குப் போகவே இல்ல. அதைக் கணக்குல சேர்க்காதீங்க."

"நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

"வேற யாரு? உங்கப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்."

மகள் இரண்டு நிமிடம் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்றாவது நிமிடம், "நாலு வருஷமா பல்பு கதை சொல்லியே ஸ்கேனுக்குப் போகாம இருந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். "என்கிட்ட குழாயே இல்லன்னு இருந்தார்" என்று கண்ணாடியம்மா இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்த பிடியில், அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்ததும், "சீக்கிரம் கூட்டிட்டுப் போப்பா" என்றார் மாஸ்டர்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொடைப் பக்கம் மட்டும் மரக்கவைத்து, கொஞ்சம் கிறக்கத்துக்கு மருந்து. மருந்து செய்த வேலையோ என்னவோ, மாஸ்டருக்கு உலகமே ஜாலியாகிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவர் தன் உதவியாளரிடம் பேசுவது கேட்டது.

"மெதுவா... மெதுவா... இன்னும் கொஞ்சம் உள்ள போ... வளைவு வருது, பார்த்து..."

மாஸ்டருக்கு அது தன் வகுப்பு. "வளைவுல கியரைக் குறைக்கணும்" என்று யோசனை சொன்னார்.

"பேசாம படுங்க."

"சரி டாக்டர்."

"இப்ப நேரா... இன்னும் ரெண்டு மில்லிமீட்டர்..."

"பிரேக்!" என்று கத்திவிட்டார் மாஸ்டர்.

உதவியாளர் சட்டென்று கையை நிறுத்திவிட்டார். பிறகு மருத்துவர், "அசையாதீங்க! உங்க வண்டியை நான் ஓட்டிக்கறேன்" என்றார். யாரோ ஒரு நர்ஸ் சிரிப்பை அடக்கி இருமினார்.

உறைந்த ரத்தத்தை உருவி எடுத்தார்கள். மடங்கிய கால் குழாய்க்குள் இன்னொரு வலையை விரித்து நிமிர்த்தினார்கள். மேலே, நழுவிய விளிம்புக்கும் நல்ல சுவருக்கும் நடுவே ஒரு புதுத் துண்டைப் பொருத்தி, கசிவை அடைத்தார்கள். இரண்டரை மணி நேரம். கடைசியில் மாஸ்டருக்கு இடது பாதத்தில் முதலில் ஊசி குத்துவதுபோல் இருந்தது, பிறகு எறும்பு ஊர்ந்தது, பிறகு வெந்நீரில் வைத்ததுபோல் சூடு பரவியது. "டாக்டர், கால் வந்துடுச்சு!" என்றார், தொலைந்த ஆடு திரும்பி வந்த மாதிரி.

எல்லாமே வந்துவிடவில்லை. பெருவிரல் இன்றுவரை மரத்துத்தான் இருக்கிறது. வீக்கத்துக்குப் பின்னால் முதுகுப் பக்கத்துச் சின்ன நாளம் ஒன்றிலிருந்து ஊசிமுனை அளவுக்குக் கசிவு பாக்கி இருப்பதாகவும், அதைத் தொடாமல் கண்காணிப்பதே நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். "ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன். அப்புறம் வருஷா வருஷம். நீங்க மறந்தா?"

"நாங்க மறக்க மாட்டோம்" என்றார்கள் மகளும் கண்ணாடியம்மாவும், ஒத்திகை பார்த்ததுபோல் ஒரே குரலில்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடியம்மா மறுபடி தேர்வுக்குப் போனார். மறுபடி தோற்றார். இந்தத் தடவை காரணம் வேகம். "அவசர ஊர்தி போல் ஓட்டுகிறார்" என்று அதிகாரி தாளில் எழுதியிருந்தார். பயிற்சிப் பள்ளி மேசையில் அந்தத் தாளை வைத்துவிட்டு, கண்ணாடியம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

மாஸ்டர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பரவாயில்ல மேடம். அடுத்த மாசம் வாங்கிடலாம். நான் காத்திருக்கேன்."

"நான் காத்திருக்கப் போறதில்ல."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"லைசென்ஸ் வரும்போது வரட்டும்" என்றார் கண்ணாடியம்மா. "அன்னிக்கு உங்க காலைத் தொட்டுப் பார்த்தேனே, ஐஸா இருந்துதே, அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஊர் என்ன வேணாலும் பேசட்டும். புதன்கிழமை உங்களுக்கு வகுப்பு இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"தள்ளி வைங்க."

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்போதுதான் மாஸ்டரின் முழுப் பெயர் கண்ணாடியம்மாவுக்குத் தெரிந்தது. "இவ்வளவு நீளமா?" என்று கேட்டாராம். மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே உங்களை நான் சித்தின்னு கூப்பிடணுமா? சித்தின்னா கொடுமைப்படுத்துவாங்கன்னு சொல்வாங்களே" என்றார்.

"கொடுமைக்கு உங்கப்பா ஒருத்தர் போதும்மா. நீ தைரியமாக் கூப்பிடு."

லைசென்ஸ் எட்டாவது தேர்வில் கிடைத்தது. அதற்குள் அதிகாரி கண்ணாடியம்மாவின் கடையிலேயே பவர் சரிபார்த்துப் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

ஆறாவது மாத ஸ்கேனுக்கு இருவரும் போனார்கள். மருத்துவர் திரையில் அளந்து, இன்னொரு தடவை அளந்து, "அஞ்சு மில்லிமீட்டர் குறைஞ்சிருக்கு. புதுத் துண்டு வச்ச இடத்துலயே இருக்கு" என்றார். ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு பட்டாணியின் குறுக்களவு. மாஸ்டர் அதைக் கையால் காட்டும்போது ஒரு முழம் இருந்தது. தாழ்வாரத்தில் போன நர்ஸிடம் சொன்னார், மருந்துக் கடையில் சொன்னார், வாசலில் காவலாளியைக் கட்டிப் பிடித்துச் சொன்னார்.

காரருகே வந்ததும் கண்ணாடியம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். மாஸ்டர் ஏறவில்லை.

"நான் நடந்தே வர்றேன்."

"வீடு வரைக்குமா? விளையாடறீங்களா?"

"முடியற வரைக்கும் நடக்கறேன். இருநூறு அடி தாண்டுதான்னு பார்க்கணும்."

அவர் நடந்தார். நூறு, இருநூறு, முந்நூறு. சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார். கண்ணாடியம்மா அவரைத் தனியே விட மனசில்லாமல், ஓரமாக, முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில் பக்கத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்து சேர்ந்து பெரிய வால் முளைத்துவிட்டது. ஒரு பேருந்து விடாமல் ஹார்ன் அடித்தது.

"ஆயிரத்து நூத்தி ஒண்ணு!" என்றார் மாஸ்டர், பேருந்து ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு. "ஆயிரத்து நூத்தி ரெண்டு!"